பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு எந்த சைஸ் டயர் போடலாம்? அகலமா போட்டா க்ரிப் கூடுமா? - முழு விளக்கம்

2003-ல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 2008-ல் வந்த யமஹா ஆர்15, 2011-ல் வந்த ஹோண்டா சிபிஆர்250ஆர்... ஒரு காலத்தில் இளைஞர்களின் கனவாக இருந்த இந்த பைக்குகள் இன்று பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்களின் கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜின் நன்றாக இருக்கும். ஆனால் டயர் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும்.

புது டயர் வாங்க கடைக்குப் போனால் அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கும். "ஸ்டாக் டயர் ரொம்ப ஒல்லியா இருக்கு, ஒரு சைஸ் பெருசா போடுங்க, லுக்கும் வரும், க்ரிப்பும் வரும்" என்பார்கள். இது உண்மையா? பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு டயர் சைஸை எப்படித் தேர்வு செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

டயர் அகலமானால் க்ரிப் கூடுமா?

ஓடும் பைக்குக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் தொடர்பு, இரண்டு டயர்களிலும் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான். பிரேக் பிடிப்பது, வளைவில் சாய்வது, மழையில் நிற்பது எல்லாமே அந்த இடத்தில்தான் நடக்கிறது.

அந்த இடத்தின் பரப்பளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பைக்கின் எடையும் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமும்தான். டயரை அகலமாக்கினால் பரப்பு அதே விகிதத்தில் கூடிவிடாது. அதன் வடிவம்தான் முக்கியமாக மாறும். க்ரிப்பை நிர்ணயிப்பதில் ரப்பரின் தரம், டயரின் வயது, காற்றழுத்தம் ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் பழைய, காய்ந்துபோன 130 டயரைவிட, சரியான காற்றழுத்தத்தில் இருக்கும் புதிய, நல்ல தரமான 100 டயர் மேலானது.

முதல் வேலை: ஒரிஜினல் சைஸ் என்ன?

பைக்கில் இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து "இதே சைஸ் கொடுங்க" என்று கேட்பதுதான் பலரும் செய்யும் தவறு. செகண்ட் ஹேண்ட் பைக் என்றால், முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே வேறு சைஸ் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கம்பெனி கொடுத்த அளவு, உரிமையாளர் கையேட்டில் இருக்கும். பல பைக்குகளில் ஸ்விங்ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் காற்றழுத்தத்தோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். சில பிரபல பைக்குகளின் ஒரிஜினல் அளவுகள் இவை:

- ஹீரோ ஹோண்டா கரிஸ்மா (2003): முன் 2.75-18, பின் 100/90-18
- யமஹா ஆர்15 முதல் வெர்ஷன் (2008): முன் 80/90-17, பின் 100/80-17
- யமஹா ஆர்15 வெர்ஷன் 2 (2011): முன் 90/80-17, பின் 130/70 ஆர்17
- பஜாஜ் பல்சர் 220எஃப்: முன் 90/90-17, பின் 120/80-17
- ஹோண்டா சிபிஆர்250ஆர் (2011): முன் 110/70-17, பின் 140/70-17

ஆர்15-ன் இரண்டு வெர்ஷன்களையும் கவனியுங்கள். பெயர் ஒன்றுதான், டயர் அளவு வேறு. கடையில் "ஆர்15 டயர்" என்று மட்டும் கேட்டால் போதாது.

அந்த எண்களை எப்படிப் படிப்பது?

டயரின் பக்கவாட்டில் "100/80-17 52பி" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

- 100: டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
- 80: பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. இங்கே 100-ல் 80 சதவீதம், அதாவது 80 மி.மீ.
- 17: ரிம்மின் விட்டம், இன்ச்சில்.
- 52: அந்த டயர் தாங்கக்கூடிய எடைக்கான குறியீடு. 52 என்றால் 200 கிலோ.
- பி: வேக வரம்புக்கான குறியீடு. 'பி' என்றால் மணிக்கு 150 கி.மீ., 'எஸ்' என்றால் 180, 'ஹெச்' என்றால் 210, 'வி' என்றால் 240.

கரிஸ்மா, ராஜ்தூத் 350 போன்ற பழைய வண்டிகளில் 2.75-18, 3.00-18, 3.50-18 என்று இன்ச் கணக்கில் அளவு இருக்கும். இதில் சதவீதம் எழுதியிருக்காது. பக்கச்சுவரின் உயரம் கிட்டத்தட்ட அகலத்துக்குச் சமம் என்று பொருள். மில்லிமீட்டர் கணக்கில் 2.75-18-க்கு நெருக்கமானது 80/100-18. 3.00-18-க்கு 90/90-18. 3.50-18-க்கு 100/90-18. இன்ச் அளவு கிடைக்காத கடையில் இந்த இணையான சைஸைக் கேட்டு வாங்கலாம்.

ரிம் எவ்வளவு அகலமோ, அதுக்கு ஏத்த டயர்

சைஸை மாற்ற நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரிம்மின் அகலம். அலாய் வீலின் ஏதாவது ஒரு இடத்தில் அகலமும் விட்டமும் பொறிக்கப்பட்டிருக்கும். "17×2.50" என்றால் 17 இன்ச் விட்டம், 2.50 இன்ச் அகலம்.

ஒவ்வொரு டயர் சைஸும் ஒரு குறிப்பிட்ட அகல ரிம்மில் மாட்டித்தான் அளக்கப்படுகிறது. 100/80 டயருக்கு அது 2.50 இன்ச். 130/70-க்கு 3.50 இன்ச். 140/70-க்கு 4.00 இன்ச். இதிலிருந்து கொஞ்சம் கூடக்குறைய எந்த ரிம் வரை போடலாம் என்பதை டயர் கம்பெனிகள் தங்கள் பட்டியலில் கொடுத்திருக்கும்.

ஒல்லியான ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கச்சுவரும் உள்ளே இழுக்கப்பட்டு, டயரின் நடுப்பகுதி கூம்பு மாதிரி எழும்பிவிடும். நேராக ஓட்டும்போது நடுவில் மட்டும் வேகமாகத் தேயும். வளைவில் சாய்க்கும்போது பைக் ஒரே சீராகச் சாயாது. காசு கொடுத்து வாங்கிய அகலம் சாலையைத் தொடவே தொடாது. அகலமான ரிம்மில் ஒல்லி டயர் போட்டால் நேர் எதிர்: டயர் தட்டையாகி, ஓரங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். அப்போது குழியில் இறங்கினால் ரிம் அடிவாங்கும் அபாயமும் கூடும்.

உயரக் கணக்கு: ஒரு நிமிஷத்தில் போட்டுப் பார்க்கலாம்

அடுத்து பார்க்க வேண்டியது டயரின் மொத்த உயரம், அதாவது வெளிவிட்டம். அகலம் மாறும்போது இதுவும் மாறிவிடுகிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

கணக்கு எளிது. பக்கச்சுவரின் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தோடு கூட்ட வேண்டும். ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ. என்பதால் 17 இன்ச் ரிம் 431.8 மி.மீ. ஆர்15 முதல் வெர்ஷனின் பின் டயர் 100/80-17. பக்கச்சுவர் 80 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 160. ஆக மொத்த விட்டம் 591.8 மி.மீ.

இதே 17 இன்ச் ரிம்முக்குக் கடைகளில் சொல்லப்படும் மற்ற சைஸ்களை இதோடு ஒப்பிட்டால்:

- 120/70-17: 599.8 மி.மீ. (8 மி.மீ. கூடுதல், 1.4 சதவீதம்)
- 110/80-17: 607.8 மி.மீ. (16 மி.மீ. கூடுதல், 2.7 சதவீதம்)
- 130/70-17: 613.8 மி.மீ. (22 மி.மீ. கூடுதல், 3.7 சதவீதம்)
- 120/80-17: 623.8 மி.மீ. (32 மி.மீ. கூடுதல், 5.4 சதவீதம்)

110-ஐவிட 120 அகலம்தான். ஆனால் 120/70 டயர், 110/80 டயரைவிட உயரம் குறைவு. முதல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. அதே சமயம், உயரம் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் 120/70-ஐ வாங்கிவிடவும் முடியாது. ரிம் அகலத்திலும் அது தேற வேண்டும்.

உயரம் கூடினால் பைக்கில் என்ன மாறும்?

*பிக்கப் குறையும்.* பின் டயரின் விட்டம் 5 சதவீதம் கூடினால், கியர் விகிதமும் அதே அளவுக்கு 'நீளமாகி'விடும். 150 சிசி இன்ஜினுக்கு இது நன்றாகவே தெரியும். டயரின் எடையும் கூடுவதால் இழுவையும் மைலேஜும் அடிவாங்கும்.

*ஹேண்டிலிங் மாறும்.* 120/80-17 போட்டால் பின் அச்சு 16 மி.மீ. மேலே போகும். முன்பக்கம் அதே உயரத்தில் இருப்பதால் பைக் முன்னோக்கிச் சாய்ந்து, ஃபோர்க்கின் கோணம் செங்குத்தாகும். ஹேண்டில் லேசாகத் திரும்பும், ஆனால் வேகத்தில் முன்பக்கம் படபடப்பாக உணரப்படலாம். சைடு ஸ்டாண்ட் போட்டால் பைக் முன்பைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கும். லேசான சரிவில் நிறுத்தினாலே கவிழும் அபாயம் உண்டு.

*ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்.* பழைய பைக்குகளில் பலவற்றில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்துதான் வரும். அப்படிப்பட்ட பைக்கில் முன் டயரின் விட்டம் 3 சதவீதம் கூடினால், மீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவான வேகத்தைக் காட்டும். ஓடோமீட்டரும் ஓடிய தூரத்தைக் குறைத்தே கணக்கெடுக்கும். சர்வீஸ் இடைவெளி தள்ளிப்போகும்.

யமஹா பெரிய டயர் போட்டபோது என்ன செய்தது?

"வெர்ஷன் 2-ல கம்பெனியே 130 டயர் கொடுத்திருக்கே, அதை முதல் வெர்ஷன்ல போட்டா என்ன?" என்ற கேள்வி பழைய ஆர்15 வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி வரும்.

2011-ல் யமஹா டயரை மட்டும் மாற்றவில்லை. டயருக்கு ஏற்ற புதிய, அகலமான ரிம் கொடுத்தது. ஸ்விங்ஆர்மை அலுமினியத்தில் நீளமாகச் செய்தது. இதனால் வீல்பேஸ் 1,290 மி.மீ.யிலிருந்து 1,345 மி.மீ. ஆனது. பின் டயரின் உயரம் கூடியதால் இழுவை குறையாமல் இருக்க, செயின் ஸ்ப்ராக்கெட்டின் பல் கணக்கையும் மாற்றியது.

முன் டயரில் செய்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 80/90-17-க்குப் பதில் 90/80-17. அகலம் 10 மி.மீ. கூடியது. ஆனால் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் மொத்த விட்டம் 575.8 மி.மீ.தான், ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. இதே இடத்தில் பல்சர் 220-ன் 90/90-17-ஐப் போட்டால் விட்டம் 593.8 மி.மீ. ஆகிவிடும். அகலம் ஒன்றுதான், உயரத்தில் 18 மி.மீ. வித்தியாசம்.

ஆக, ரிம், ஸ்விங்ஆர்ம், ஸ்ப்ராக்கெட் எதையும் மாற்றாமல் டயரை மட்டும் எடுத்து மாட்டுவது, கம்பெனி செய்த வேலையில் கால்வாசியை மட்டும் செய்வது மாதிரி.

இடைவெளி இருக்கா?

கடையில் மாட்டிப் பார்த்து, கையால் சுற்றிவிட்டு "எங்கேயும் உரசல" என்று சொல்வது போதாது. வேகத்தில் ஓடும்போது டயர் சூடாகிக் கொஞ்சம் பெரிதாகும். பின்னால் ஒருவர் ஏறியதும் சஸ்பென்ஷன் இறங்கும். செயினை டைட் வைக்கும் அளவைப் பொறுத்து சக்கரம் முன்னும் பின்னும் நகரும். எனவே செயின், ஸ்விங்ஆர்மின் முன்பக்கக் குறுக்குப் பகுதி, மட்கார்டின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தாராளமான இடைவெளி வேண்டும். முன்பக்கம் ஃபோர்க்கின் இரு பக்கமும், மட்கார்டின் உட்புறமும் பார்க்க வேண்டும். ஓடும்போது முன் டயர் மட்கார்டில் சிக்கினால், அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ரேடியலா, சாதா டயரா? டியூப்லெஸ் போடலாமா?

சைஸில் 17-க்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அது ரேடியல். வெறும் கோடு இருந்தால் பயாஸ் எனப்படும் வழக்கமான டயர். இரண்டும் சாலையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். முன்னால் ஒன்று, பின்னால் இன்னொன்று என்று நம் இஷ்டத்துக்குக் கலக்கக்கூடாது. ஆர்15 வெர்ஷன் 2-ல் பின்னால் மட்டும் ரேடியல் வந்தது உண்மைதான். ஆனால் அது கம்பெனி சோதித்து முடிவு செய்த ஜோடி.

டியூப் டயர் வந்த பைக்கில் டியூப்லெஸ் டயர் வாங்கினால், ரிம்மையும் பாருங்கள். ரிம்மில் டியூப்லெஸ் என்று பொறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே டியூப் இல்லாமல் ஓட்டலாம். அது இல்லாத ரிம்மில், டயரின் விளிம்பைப் பிடித்து வைக்கும் மேடு இருக்காது. காற்று குறைந்த நேரத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரக்கூடும்.

எடை, வேகக் குறியீடுகளைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: கம்பெனி சொன்னதற்குச் சமமாக இருக்கலாம், கூடலாம், குறையவே கூடாது. சைஸ் ஒன்றாக இருந்தாலும், குறைந்த வேகத்துக்கான சாதாரண கம்யூட்டர் டயரை ஸ்போர்ட்ஸ் பைக்கில் மாட்டுவது ஆபத்து.

ஒரிஜினல் சைஸே கிடைக்கலைனா?

17 இன்ச் ரிம் உள்ள இந்திய பைக்குகளுக்கு இந்தப் பிரச்னை குறைவு. எம்ஆர்எஃப், மதுரையைச் சேர்ந்த டிவிஎஸ் யூரோகிரிப், சியட் போன்ற கம்பெனிகளின் டயர்கள் பரவலாகக் கிடைக்கின்றன. கடையில் ஸ்டாக் இல்லை என்பதற்காக வேறு சைஸை வாங்குவதைவிட, ஆர்டர் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் காத்திருப்பது நல்லது.

சிக்கல், 1980, 90-களின் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் பைக்குகளில்தான். அன்று 16 இன்ச், 18 இன்ச் சக்கரங்கள் சகஜம். 1984-ன் கவாஸாகி ஜிபிஇசட்900ஆர் பைக்கில் முன்னால் 16 இன்ச், பின்னால் 18 இன்ச். 1992-ல் வந்த ஹோண்டா ஃபயர்பிளேடின் முன் டயர் 130/70-16. பிறகு உலகமே 17 இன்ச்சுக்கு மாறியதால், இந்த சைஸ்களில் தேர்வு சுருங்கிவிட்டது. ஃபயர்பிளேட் வைத்திருக்கும் சிலர் முன் சக்கரத்தையே 17 இன்ச்சுக்கு மாற்றி 120/70-17 போடுகிறார்கள். விட்டம் 588.4 மி.மீ.யிலிருந்து 599.8 மி.மீ. ஆகிறது. முன்பக்கம் உயர்வதால் ஃபோர்க்கின் உயரத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். இது டயர் கடையில் முடியும் வேலை அல்ல. விஷயம் தெரிந்த மெக்கானிக் வேண்டும்.

தேதியைப் பார்க்காம வாங்காதீங்க

அதிகம் விற்காத பழைய சைஸ் என்றால், கடையில் வருடக்கணக்கில் தூங்கிய டயர் கைக்கு வரலாம். பக்கச்சுவரில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். "3524" என்றால் 2024-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். தொடவே வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஏற்கெனவே ஓடும் டயரில், பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன மேட்டின் மட்டத்துக்கு ரப்பர் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பள்ளம் மிச்சமிருந்தாலும், 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், 10 ஆண்டுகள் ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது டயர் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. கொஞ்சமாக ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் டயர் தேய்வதற்கு முன்பே காய்ந்துவிடும் என்பதால் இது முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஸ்விங்ஆர்ம், ரிம் என்று மாற்றத் திட்டமிடுபவர்கள் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. கம்பெனி குறிப்பிட்ட சைஸ் டயர் போட்டிருந்தால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் டயரின் அளவைப் பற்றிக் கேள்வி எழுப்ப வழியே இருக்காது.

கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய செக்லிஸ்ட்

1. பைக்கின் மாடல், ஆண்டு, கையேட்டில் உள்ள ஒரிஜினல் சைஸ்.
2. ரிம்மில் பொறிக்கப்பட்டுள்ள அகலம். டியூப்லெஸ் குறி இருக்கிறதா என்ற விவரம்.
3. சைஸை மாற்றுவதாக இருந்தால்: ரிம்முக்குப் பொருந்துகிறதா, விட்டம் ஒரிஜினலுக்கு ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருக்கிறதா, இடைவெளி போதுமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அந்த சைஸை விட்டுவிடுங்கள்.
4. எடை, வேகக் குறியீடுகள் குறையக்கூடாது. தயாரிப்புத் தேதி புதிதாக இருக்க வேண்டும்.
5. மாட்டும்போது டயரில் உள்ள அம்புக்குறி, சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். டியூப்லெஸ் என்றால் வால்வையும், டியூப் டயர் என்றால் டியூபையும் புதிதாக மாற்றுங்கள். வீல் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள்.
6. காற்று, கையேட்டில் சொன்ன அளவு. டயரின் பக்கவாட்டில் இருக்கும் அதிகபட்ச அளவு அல்ல.

புது டயரின் மேல்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 100 முதல் 150 கி.மீ. வரை மெதுவாக ஓட்டி, சாய்வதையும் பிரேக் பிடிப்பதையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கடை வாசலிலிருந்து முறுக்கிக்கொண்டு கிளம்பி, முதல் வளைவிலேயே வழுக்கி விழுபவர்கள் இருக்கிறார்கள். மழை நாளில் டயர் மாற்றினால் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

பழைய ஆர்15-க்கோ கரிஸ்மாவுக்கோ க்ரிப் போதவில்லை என்று தோன்றினால், ஒரிஜினல் சைஸிலேயே கிடைக்கும் நல்ல தரமான, புதிய தேதியிட்ட டயரை முன்னும் பின்னும் ஜோடியாகப் போடுங்கள். அகலமான டயருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை அதில் போட்டால், வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும்.